நாமா

மைலோ டின்னில்தான் உடைந்தது.
மழை மாதம், தூள் இறுகிச் செங்கல்லாகியிருந்தது.
கைக்கு அகப்பட்டதை எடுத்துக் குத்தினேன்:
காது குடையவும் ஆகாத,
திருநீறு அள்ளவும் ஆகாத
ஒரு மூங்கில் குச்சி.
நுனி மட்டும் யாருக்கோ தலைவணங்கினாற்போல் வளைந்தது.
டக்.
கணுவுக்கு மேலே இரண்டாகப் போனது.

பாடாங் செராயில் பழைய துரை பங்களா.
ரப்பர் போய்ச் செம்பனை வந்து
இப்போது கூலிம் பெக்டரி ஹிராயாமா குடியிருக்கிறார்.
வாரம் நாலு நாள் கூட்டித் துடைப்பது நான்.
ஞாயிற்றுக்கிழமைகளில் பாயில் மண்டியிட்டு
பச்சை மாவை அந்தக் குச்சியால் அள்ளுவார்.
கிண்ணத்து விளிம்பில் ஒரு தட்டு.
அந்தத் தட்டுக்கே அப்படியொரு மரியாதை.
பாலில்லை, சீனியில்லை.
மிச்சத்தை ஒருநாள் நக்கிப் பார்த்தேன்,
பாசி பிடித்த தொட்டி.

சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்?
"குச்சிதானே" என்றார் வீட்டுக்காரர்.

பயற்றங்காய்ப் பந்தலின் கால் முதலில். பிளந்தது.
லெமாங் மூங்கில் காகிதம்போல் மெலிசு,
மெழுகுவத்தியில் காட்டினால்
வளையாமல் கருகியது.
பஸ் ஸ்டாண்டில் ஹம்சாவின் சாத்தே கடை,
அடுப்புக்கு மேலே விசிறி தொங்கும் கழி,
பதினெட்டு வருடப் புகை குடித்து
வரக்காப்பி நிறம்.
எதற்கென்று கேட்டார். சொன்னேன்.
சிரித்து முடித்து, அறுத்துக் கொடுத்தார்.

சீவிக்கொண்டிருந்தபோது
வீட்டுக்காரர் தன் பாட்டனின் தம்பியைப் பற்றிச் சொன்னார்.
சயாமுக்கு ரயில் போடப் போனவர்.
மூங்கில் குடிசை, மூங்கில் கட்டில்,
தூக்கிப்போனதும் மூங்கிலில்தான் என்று
திரும்பி வந்த ஒருவர் சொன்னாராம்.
கத்தியை என்னிடம் நீட்டினார்.
"நுனியை நீயே வளை."

ஹிராயாமாவுக்கு என் தம்பி வயதுதான்.
இதை அவரிடம் எந்த மொழியில் சொல்வது?
என் மலாய்
துடைப்பத்துக்கும் சம்பளத்துக்கும் போதும்.

இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து
சுடரில் வாட்டி, கட்டைவிரலால் அழுத்தினேன்.
மூங்கில் ஒத்துக்கொள்ளும் நொடி ஒன்று இருக்கிறது.
அதற்கு முன்னால் பிடிவாதம்,
பின்னால் கரி.
ஏழாவது குச்சியில் அந்த நொடி கிடைத்தது.
விரலிலும் கொப்புளம்.

திங்கட்கிழமை பாயின் மேல் வைத்தேன்,
உடைந்த இரண்டையும், புதியதையும்.
பார்த்தார். புரட்டினார். மோந்தார்
(சாத்தே வாசம் போயிருக்காது).
பிறகு என்னைப் பார்த்து:
"நாமா?"

எனக்குத் தமிழில் விழுந்தது.
நாமா? நாமா உடைத்தோம்?
இல்லையே, நான் மட்டும்தானே.
மலாய் என்று உறைத்தபோது இன்னும் பயம்.
பெயர் கேட்கிறார். உடைத்தவள் பெயர்.
இத்தனை நாள் காக்காக் என்றே கூப்பிட்டவர்,
அதிலும் கடைசி எழுத்தை விழுங்கி
என்னைப் பறவையாக்கியவர்,
இன்றைக்குப் பெயர் கேட்கிறார்.
வாய் முந்திக்கொண்டது:
"நாகம்மா."

நாகம்மா
லூனாஸ் கையுறை பெக்டரியில் என் பக்கத்து மெஷின்.
நாற்பது வெள்ளி கடன் வாங்கிக்கொண்டு
ஜொகூருக்கு ஏறியவள்.

தூரிகை எடுத்தார்.
ஒரு மூங்கில் குழலில் மேலிருந்து கீழாக
நாலைந்து எழுத்து, கறுப்பாக.
குச்சியை உள்ளே விட்டு மூடினார்.
சம்பளம் முழுதாக வந்தது.

டிரைவர் அஸ்லான்தான் பிறகு சொன்னான்,
அவர்கள் ஊரில் கரண்டிக்கும் பெயருண்டாம்,
விருந்தாளி கேட்பாராம், சொல்ல வேண்டுமாம்.

போன ஞாயிறு மூன்று விருந்தாளிகள்.
அடுப்படியில் நின்று கேட்டேன்.
"நாகன்ம்மா" என்றார் ஹிராயாமா,
தொடர்ந்து ஏதோ நீளமாக.
ஆ, என்று மூவரும்
கரண்டிக்குத் தலை குனிந்தார்கள்.
நான் கெட்டிலைப் பிடித்தபடி நின்றேன்.
என் பெயர் சௌந்திரவல்லி.

பூசத்துக்கு வந்தவளை
பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன்.
"உனக்கு ஜப்பான்காரன் கும்பிடு போடுறான்டி."
நாகம்மா என் முகத்தைப் பார்த்தாள்.
பர்ஸைத் திறந்து
பத்து வெள்ளியை என் கையில் திணித்து
பட்டர்வொர்த் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

முப்பது பாக்கி.