இடது கன்னத்து மச்சம்

இஸ்மேனியா ஒயார்சூனின் முகம்
அவள் புருஷனைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.
பத்தொன்பது வருஷம்,
வாரத்துக்கு ஐந்து நாள், காலை ஆறே காலுக்கு,
சாந்தியாகோ ஸ்டூடியோவின் இரண்டாம் மாடியில்
என் நாற்காலியில் வந்து விழுவாள்.
விழுந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள்.
"படி, நோல்ஃபா."

படிப்பேன்.
ஒரு கையில் பஞ்சு, ஒரு கையில் அன்றைய வசனம்.
அவள் வரிகளை அவள் சொல்ல
மற்ற எல்லாருமாக நான் இருந்தேன்:
ஏமாந்த கணவன், பாதிரியார், குதிரைக்காரன்,
அவள் விஷம் வைக்கப்போகும் மாமியார்.
மாமியார் செத்த அன்று என் குரல் உடைந்துவிட்டதென்று
வெகுநாள் கேலி செய்தாள்.

தொடரில் அவள் கெட்டவள்.
சாயங்காலம் நாலு மணிக்கு நாடே உட்கார்ந்து அவளை வைதது.
வால்பராய்சோ துறைமுகச் சந்தையில் ஒரு மீன்காரி
விலாங்கை வாலில் பிடித்து ஓங்கி
அவள் தோளில் ஒன்று வைத்தாள்:
"அந்தப் பிள்ளையின் சொத்தைத் திருப்பிக் கொடுடி!"
இஸ்மேனியா மீனுக்குக் காசு கொடுத்துவிட்டு
வீட்டுக்குக் கொண்டுபோய் சூப்பு வைத்தாள்.
பிறந்த ஊர் அது.
மீன்காரி அவளோடு நாலாம் வகுப்புவரை படித்தவள்.

மச்சம் என் வேலை.
சின்னம்மை விட்டுப்போன குழியை நிரப்பச் சோம்பல்பட்டு
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன், முதல் நாள்.
இரண்டே மாதத்தில் பஸ்ஸில் பாதிப் பெண்களுக்கு
அதே இடத்தில் புள்ளி.
ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் வலது கன்னத்தில் வைத்துவிட்டேன்.
நானூற்றுப் பன்னிரண்டு கடிதம்.
வேறு வழியில்லாமல் கதையில்
ஓர் இரட்டைச் சகோதரி பிறந்தாள்.
இஸ்மேனியாவுக்கு இரட்டைச் சம்பளம்,
எனக்கு எச்சரிக்கைக் கடிதம்.
சகோதரி நல்லவள்.
நல்லவளாக நடிக்க அவளுக்கு வரவேயில்லை,
ஆறு வாரத்தில் கன்னிமாடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

எந்த நாள் என்று நினைவில்லை.
கண்ணை மூடியபடியே சொன்னாள்:
"அப்பா குன்றேறும் விஞ்சுக்குக் கிரீஸ் தடவுவார்.
மேலே வரும் பெட்டியில் எத்தனை பேர் என்று
கம்பியின் சத்தத்திலேயே சொல்லிவிடுவார்.
அம்மா போன அன்று பெட்டி காலி என்றார்."
பக்கத்தைப் புரட்டினேன்.
அப்படி ஒரு வரி இல்லை.
"இது இதில் இல்லை," என்றேன்.
"எழுதிக்கொள்," என்றாள்.
புருவப் பென்சிலால்
பவுடர் டப்பாவின் அட்டையில் எழுதிக்கொண்டேன்.

பிறகு டிஷ்யூ, மருந்துச் சீட்டு,
ஷூட்டிங் அட்டவணையின் முதுகு.
பென்சில் செலவு ஏறிவிட்டதென்று கணக்குப் பிரிவில் கேட்டார்கள்.
அவளை மாடிப்படியில் உருட்டிச் சாகடித்த வருஷம்
ஒரு செருப்புப் பெட்டி நிறைந்திருந்தது.
பெட்டியை அணைத்துக்கொண்டு கிளம்பினாள்,
கன்னத்தைத் துடைக்கக்கூட இல்லை.

நாலு வருஷம் கழித்துத் தபாலில் புத்தகம்.
அட்டையில் அவள் முகம்.
மச்சம் இல்லை, குழி தெரிகிறது.
மேக்கப் போட்ட பிள்ளைக்கு
தாடையோரம் கலக்கத் தெரியவில்லை.
நன்றி சொன்ன பக்கத்தில் பதினாறு பேர்.
நான் இல்லை.
இரண்டு நாள் அதைக் கவிழ்த்தே வைத்திருந்தேன்,
மேலே சர்க்கரை டப்பா.

மூன்றாம் நாள் எடுத்தேன்.
மனசுக்குள் படிக்க எனக்கு வராது, பழக்கதோஷம்.
வாய்விட்டு, விஞ்சை, கிரீஸை, காலிப் பெட்டியை.
எழுபத்தெட்டாம் பக்கத்தில் ஒருத்தி வருகிறாள்.
பெயர் கிடையாது.
எல்லார் குரலிலும் பேசுகிறவள்,
தன் குரலில்
"அசையாதே" என்பதைத் தவிர எதுவும் சொல்லாதவள்.

ஆமாம், அதைத்தான் சொல்வேன்.
வேறென்ன சொல்வது, கையில் பென்சில் இருக்கும்போது?

ஒவ்வொரு பாரா முடிவிலும் நிறுத்துகிறேன்,
அவள் முறை என்று.
கெட்டில் கொதித்து ஓய்கிறது.
கீழே யாரோ காரைக் கிளப்பப் பார்க்கிறார்கள்.
அடுத்ததையும் நானே படிக்கிறேன்.