கையெழுத்திட்டது, முப்பது ரூபாய்

கெம்பண்ணா ஸ்டுடியோவில் ஐம்பது பிரதி.
பளபளத் தாளில் மை பிடிக்கவில்லை;
மாம்பழப் பெட்டிக்கு நம்பர் போடும் மார்க்கரை
பக்கத்து மண்டியில் இரவல் வாங்கி
சட்டைப் பாக்கெட்டின் மேலேயே போட்டேன் என் பெயரை.

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு எதிரே
புத்தகம் எண்பது, படம் முப்பது.
"எந்த வார்டுல நிக்கிறீங்க?" என்றார் ஒருவர்.
வெயில் ஏற ஏற
அடுக்கிய முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

பர்கூர் பஸ்ஸுக்கு நின்ற பெண்
ஒன்றை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள்.
"எழுதாதது இருக்குங்களா?
எங்கண்ணன் இதே சாடை.
போட்டோனு ஒண்ணு எடுக்காமயே போயிட்டான்."

பையின் அடியில் ஒன்று இருந்தது.
முப்பதுதானே என்று எண்ணிக் கொடுத்தாள்.
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அண்ணன் என்ன சொல்லியிருப்பான்,
தெரியவில்லை.
வாங்கிக்கொண்டேன்.