பூஜ்ஜியமாவது மாடி

ஈசூனில் எங்கள் புளோக் மின்தூக்கியில்
பதினாறிலிருந்து பொத்தான்கள் இறங்கி வரும்:
மூன்று, இரண்டு, ஒன்று,
அப்புறம் கார் நிறுத்தம், பி ஒன்று, பி இரண்டு.
கை எட்டிய நாளிலிருந்து அழுத்துகிறேன்.
ஒரு தரம்கூட எண்ணிப் பார்த்ததில்லை.

உயர்நிலை ஒன்று. வியாழன், கடைசிப் பாடவேளை. குறை எண்கள்.
மிஸ் ஓங் பயிற்சித்தாள் தரவில்லை.
கணினியில் ஒரு விளையாட்டு செய்யுங்கள்,
அதில் ஏதாவது ஏறணும், ஏதாவது இறங்கணும் என்றார்.
முன்வரிசை நீர்மூழ்கிக் கப்பல் விட்டது.
யாரோ ஐஸ் கச்சாங்கை உருகவிட்டார்கள்.
நானும் ஃபௌசானும் மின்தூக்கி:
மேலும் கீழும் பார்சல் கொடுக்கணும்,
அறுபது நொடி, ஆளுக்குப் பத்துப் புள்ளி.

நீலக் கட்டைமேல் மஞ்சள் கட்டை பொருத்தினோம்.
மின்தூக்கி நிற்கும் இடத்துக்கு
'மாடி' என்று ஒரு மாறி.
அம்மா கேட்டாள்: சின்ன ரவா, பெரிய றவா?
பெரிய ற, அம்மா. கோயில் இல்லை.
பாடப்புத்தகத்து எக்ஸ் காணாமல் போன ஆள்,
கண்டுபிடித்தால் கேஸ் முடிந்தது.
இது வாடகைக்கு இருக்கிற ஆள்,
கேட்கும்போதெல்லாம் வேறு முகவரி.

கீழ் அம்பை அழுத்தினால் ஒன்றைக் கழி.
அவ்வளவுதான் எழுதினோம்.
மூன்று.
இரண்டு.
ஒன்று.
பூஜ்ஜியம்.
கதவு திறந்தது.
வெளியே நாங்கள் வரையாத ஒரு தளம்,
திரையின் வெறும் வெள்ளை.
பார்சல்காரர் இறங்கினார்,
ஓரம்வரை நடந்தார்,
அந்தப் பக்கமாகக் காணாமல் போனார்.

உன் கணக்கு தப்பு என்றான் ஃபௌசான்.
கணக்கு சரி, கட்டடம்தான் தப்பு என்றேன்.
மூன்றிலிருந்து குறை இரண்டைக் கழித்தால் ஐந்து.
அன்று ராத்திரி குப்பை போடுகிற சாக்கில்
மூன்றிலிருந்து பி இரண்டுக்கு நின்று எண்ணினேன்:
நாலே தாவல்.
ஒரு மாடியைக் கட்டாமலே விட்டிருக்கிறார்கள்,
யாரும் புகார் கொடுக்கவில்லை.

மிஸ் ஓங் தீர்ப்பு சொல்லவில்லை.
தன் வீட்டு மின்தூக்கியை விரல்விட்டு எண்ணினார்.
உதடு அசைந்தது, நின்றது.
"ஐயோ" என்றார்.
நம்ம ஐயோதான்,
இந்த ஊரில் அது எல்லாருக்கும் பொது.

மறுவாரம் திருத்தினோம்:
மாடி பூஜ்ஜியமானால் இன்னும் ஒன்றைக் கழி.
இறங்கியது, அழகாக இறங்கியது.
ஏறவில்லை.
பி ஒன்றில் ஒன்றைக் கூட்டினால் பூஜ்ஜியம்,
பூஜ்ஜியமானால் ஒன்றைக் கழி, மறுபடி பி ஒன்று.
இடைவேளை முழுக்கப் பார்சல்காரர்
கார் நிறுத்தத்திலேயே குதித்துக்கொண்டிருந்தார்.
எங்கே நிற்கிறது என்பது போதாது,
எந்தப் பக்கமிருந்து வந்தது என்றும் தெரியணும்.
அதற்கு இன்னொரு மாறி.
மைலோ ஆறிப்போனது.

எல்லாம் சரியானதும் வகுப்புக்குக் காட்டினோம்.
ஐந்து நிமிஷம் விளையாடினார்கள்.
கை ஷெங் கேட்டான்:
அந்த வெள்ளை இடம் எங்கே?
அதை ஏன் எடுத்தீங்க?

திருப்பி வைத்தோம்.
ஒன்றில் நின்று கீழ் அம்பை இரண்டு தரம் வேகமாகத் தட்டினால்
கதவு அங்கே திறக்கும்.
ஃபௌசான் அங்கே ஒரு பூனை வரைந்தான்.
பூனைக்குப் பார்சல் வராது, புள்ளியும் கிடையாது.
நேரம் மட்டும் ஓடும்.
இருந்தும் எல்லாரும் அங்கேதான் போகிறார்கள்.

பரீட்சையில்
குறை இரண்டுக்கும் மூன்றுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தார்கள்.
பழக்கதோஷம், நாலு என்று எழுதிவிட்டேன்.
இரண்டு மதிப்பெண் போச்சு.
பூஜ்ஜியமாவது போட்டிருக்காங்களே என்றான் ஃபௌசான்,
எங்கேயோ கேட்டுப் பொறுக்கிய தமிழில்.
அவனும் நாலுதான்.

இப்போதெல்லாம் அப்பாவோடு காருக்கு இறங்கும்போது
ஒன்று அணைந்து பி ஒன்று எரிவதற்குள்
காலுக்கடியில் சின்னதாக ஒரு குலுக்கல்.
கேபிள் என்கிறார் அப்பா.
நான் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறேன்,
பூனை ஏற இடம் விட்டு.