கலம் ஏழு

ஏப்ரலில் கடைசி வேலை நாள்.
படிவத்தில் ஆறு கலங்கள் நிரப்பிவிட்டேன்.
பணிக்காலம்: பதினான்கு ஆண்டு.
பயிற்சி: மூன்று. திருத்தணியில் இரண்டு,
பள்ளிப்பட்டில் ஒன்று, மதியம் தக்காளி சாதம்.
ஏழாவது கலம்:
இக்கல்வியாண்டில் தங்கள் தொழில்சார் வளர்ச்சி,
நான்கு வரிகளுக்கு மிகாமல்.

"போன வருஷம் எழுதினதையே எழுதுங்க மேடம்,
யாரு படிக்கப் போறா?"
என்கிறார் தலைமையாசிரியர் கோவர்த்தனம்.

ஜூலை நடுவில் வந்து சேர்ந்தான் ஹேமாத்ரி.
நகரிப் பக்கமிருந்து தறிக்கு வந்த குடும்பம்.
விலையில்லா நோட்டுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை.
"டீச்சர், நோட்டு அவசரம்" என்பான்.
"அவசரப்படாதே" என்பேன்.
மறுநாளும் அதையே சொல்வான்.
பொறு என்றேன்.
பொறுத்தான்,
கிழித்த காலண்டர் தாள்களின் முதுகில்
ஏழாம் வாய்ப்பாடு எழுதிக்கொண்டு
செப்டம்பர் வரை.
அவன் பெயருக்கு நேரே பென்சிலால் குறித்தேன்:
பொறுமை இல்லை.

பேருந்து நிறுத்தத்தில் பங்காரம்மா
வடையை எண்ணெய் வடித்துக்கொண்டே கேட்டாள்,
"கவரு அவசரமா மேடம்?"
"இல்லம்மா, மெதுவாவே குடு,
பஸ்ஸுக்கு நேரமிருக்கு."
சிரித்தாள்.
"கவரு வேணுமான்னுதான் கேட்டேன்."

மலைக்கு அந்தப் பக்கம்
அவசரம் என்றால் தேவை.
பதினான்கு ஆண்டு இதே வழியில் போய்வருகிறவள்
கையில் வடை சுட நின்றேன்.

மறுநாள் மூன்று நோட்டு வாங்கிப் போனேன்.
ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டைத் திருப்பினான்.
"சாலு, டீச்சர்."
இந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
செய்யுள் பாடத்தில் அருஞ்சொற்பொருள் எழுதிப்போட்டிருக்கிறேன்:
சாலும், போதும்.
ஒரு பிள்ளை வாயிலிருந்து
அன்றுதான் கேட்டேன்.

பென்சில் குறிப்பை அழித்துவிட்டேன்.
தாளில் பள்ளம் இருக்கிறது.

ஆறு வருடம் முன்பு வனஜாட்சி
"கண்ணாடி அவசரம், டீச்சர்" என்றாள்.
"ஏன், எந்தக் கல்யாணத்துக்குக் கிளம்பறே?" என்றேன்.
வகுப்பு சிரித்தது. நானும்.
நெற்றியைச் சுருக்கிச் சுருக்கி
அவள் கரும்பலகையைப் பார்த்த முகம்
இந்த டிசம்பரில் ஒரு ராத்திரி
விளக்கை அணைத்த பிறகு வந்தது.
மற்றவர்கள் என்னென்ன கேட்டார்களோ.
பழைய பதிவேடுகள் பீரோவில்தான் இருக்கின்றன.
திறக்கவில்லை.

ஏழாவது கலத்தில் எழுதினேன்:
'ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிந்துகொண்டேன்.'
மூன்று வரி மீதி.
பயிற்சியில் கொடுத்த பேனா
அங்கேயே சற்று நேரம் நின்றது.

வெளியே சைக்கிள்கள் கிளம்புகின்றன,
பாதித் தெலுங்கில், பாதித் தமிழில்.
கோவர்த்தனம் சாவிக்கொத்தை ஆட்டுகிறார்.
"கையெழுத்து அவசரம், மேடம்."
அவர் விருத்தாசலத்துக்காரர்.
இருந்தும்,
எந்த அவசரம் என்று
ஒரு நொடி யோசித்தேன்.