எத்தினை தரம்

கரடிப்போக்குச் சந்தியில்
உழவு இயந்திரப் பாகங்கள் விற்கும் கடைக்கு மேலே
ஒரு அறை. வாடகை ஏழாயிரம்.
ஐந்து கதிரை, இரண்டு பிளக், ஒரு காற்றாடி.
காற்றாடியைப் போட்டால் றவுட்டர் நிற்கும்.
ஆகவே பாதிநாள் வியர்த்தோம்.

எழுதியது பால்கணக்கு.
விசுவமடுவில் விடிய நாலரைக்குப் பால் அளப்பவர்
சிக்னல் இல்லாத இடத்தில் நின்று
லீற்றரைத் தட்டிவிட்டுப் போகலாம்.
எந்த வளைவில் கோபுரம் எட்டுகிறதோ
அங்கே அது தானாகப் போய்ச் சேரும்.
பெரிய விசயமில்லை.

அந்தப் பெரிய விசயமில்லாததை
நக்குருவில் வாங்கூய் ஏற்கெனவே பாதி எழுதியிருந்தாள்.
அங்கும் மாடு. அங்கும் சங்கம்
காசைப் பிந்தித்தான் கொடுக்கும்.
நான் ஒரு பிழை காட்டினேன்,
நீயே திருத்து என்றாள்.
பிறகு தமாலேயிலிருந்து ஒருவன், கிற்வேயிலிருந்து இருவர்,
மெக்கெலேயிலிருந்து ஹப்தோம்.

ஹப்தோமுக்கும் குடும்பப்பெயர் இல்லை.
தன் பெயர், பிறகு அப்பாவின் பெயர், எங்களைப்போல.
படிவத்தின் அந்த இரண்டாவது பெட்டியை
முதல் வேலையாக அவனும் நானும் அழித்தோம்.
கோபிதா கைதட்டினாள்.
அவள் அப்பாவின் பெயரை எங்கே எழுதினாலும்
'இருக்கிறாரா' என்று அடுத்த கேள்வி வரும்.

அனுப்பு. போகவில்லையா, ஒரு வினாடி பொறு.
பிறகு இரண்டு. நாலு. எட்டு. பதினாறு.
ஹப்தோம் எழுதிய துண்டு அது.
நடுவில் ஒரு கேள்வி வைத்திருந்தான்:
எத்தனை முறைக்குப் பிறகு கைவிடுவது?
எட்டு, பற்றரி பாவம் என்றாள் வாங்கூய்.
தமாலேக்காரன் பன்னிரண்டு.
டிலக்சன் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தான்.
கீழே பஸ்ஸுக்கு நின்றார்கள்
கோயிலடிக் கொட்டகைக்குப் போகும் பெண்கள்,
சட்டம் போட்ட படங்களோடு.
"விடுறதெண்டா எத்தினைதரம் பாத்திட்டு விடுறது?
ஆரிட்ட வந்து கேக்கிறான் பார்."
அந்த இடத்தை வெறுமையாக விட்டோம்.
எண் இல்லையென்றால்
முடிவில்லை என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும்.

கார்த்திகை. இரணைமடுவின் வான்கதவுகள் திறந்திருந்தன.
ஹப்தோமின் பச்சைப்புள்ளி அணைந்தது.
ஊரே அணைந்தது என்று பிறகு அறிந்தோம்.
போன் இல்லை, வங்கி இல்லை, செய்தி இல்லை.
இதற்கு என்ன செய்வது என்று கிற்வேக்காரர்கள்
எங்களைக் கேட்டார்கள்,
எங்களுக்குத் தெரிந்திருக்கும் என்பதுபோல.
தெரியும்தான்.
ஆளின் கதிரையை மடித்து வைப்பதில்லை.
வேறொன்றும் இல்லை.
திங்கட்கிழமைகளில் அவன் பெயரையும் வாசித்து
ஒரு மூச்சு பொறுத்தோம்.

டிலக்சன் கட்டாருக்குப் போனான், அங்கிருந்தும் எழுதினான்.
பெற்றோல் வரிசையில் லப்டொப்பை மடியில் வைத்து
நான் மூன்று பிழை திருத்தினேன், நாலாவதை உண்டாக்கினேன்.
வாடகை பதின்மூவாயிரம்.

ஒருநாள் கோபிதா எதையோ தேடிப்
பட்டியலை அடிவரை உருட்டினாள்.
அடியோ அடியில், நாங்கள் தொடங்குவதற்கும் முன்னால்,
இரண்டாயிரத்துப் பதின்மூன்று என்று திகதி போட்டு
ஏழு செய்திகள்.
அவன் நாட்காட்டி ஏழெட்டு வருடம் பிந்தி ஓடுவது
எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை.
வந்து மூன்று நாள்,
எங்கள் காலடியிலேயே கிடந்திருக்கிறது.

சோதனை.
சோதனை. போகிறதா?
ஏழு லீற்றர்.
ஒன்றுமில்லாத ஒன்று.
அதுபோல இன்னும் இரண்டு.
கடைசியில்: நாற்பத்தோராம் வரியில் புள்ளி பிழை,
நாளைக்குத் திருத்துகிறேன்.

இரண்டு வருடம் முந்திய நாளை.
கணினியைத் திறந்தது அவனா, தங்கச்சியா,
அதை விலைக்கு வாங்கிய எவருமா,
அந்த ஏழில் இல்லை.
வாங்கூய் அழுதாள். டிலக்சன் திகதிப் பிழையை
அன்றிரவே திருத்தினான், திட்டிக்கொண்டு.

நான் எழுதினேன்:
நாற்பத்தோராம் வரி அப்படியே கிடக்கிறது.
அனுப்பினேன். போகவில்லை.
கோபிதா எழும்பிப் போய்க்
காற்றாடியை நிறுத்தினாள்.