பிழையாய் எடுத்த பிரதி

கச்சேரிக்குப் பின்வீதியில் என் கடை.
ஒரு பக்கம் பத்து ரூபா, இரண்டு பக்கமும் என்றால் பதினைந்து.
பிறந்தவர்களும் செத்தவர்களும்
காணியை இழந்தவர்களும்
கண்ணாடியில் முகம் கவிழ்ந்து படுக்க
பச்சை வெளிச்சம் ஒருதரம் தடவிப் போகும்.
நான் எதையும் வாசிப்பதில்லை.
வாசித்தால் கடை நடத்த ஏலாது.

மாசியில் சுகிர்தமலர் வந்தாள், சல்லியிலிருந்து,
புருசனின் கிளினிக் கொப்பியோடு.
மீனவர் காப்புறுதிக்கு முதற்பக்கம் மட்டும் போதுமாம்.
நான் மூன்றாம் பக்கத்தை எடுத்துவிட்டேன்.
பேச்சு வாங்கிக்கொண்டு சரியானதைக் கொடுத்தேன்.
மற்றதை, பின்பக்கம் கணக்கெழுத உதவும் என்று
மேசைக்குக் கீழே போட்டேன்.

வைகாசியில் பத்மசீலனின் உள்ளங்கையில்
கெளிற்று முள் ஏறியது.
கை பூசணிபோல் வீங்க, வாட்டில் கட்டில் கிடைத்தது.
கொப்பியைக் கட்டில் தாளோடு சேர்த்துப்
பின் அடித்தார்கள்.
ஊசி மருந்தின் பெயர் பெனிசிலின் இல்லை.
கலியாணம் கட்டிப் பெயர் மாறின தங்கச்சியைப்போல
வேறு பெயர், அதே குடும்பம்.
அரைவாசி ஏறமுன்
"தொண்டைக்குள்ள வலை இறுகுது" என்றானாம்.
அதற்குப் பிறகு அவன் ஒன்றும் சொல்லவில்லை.

முப்பத்தொன்று முடிந்து அவள் திரும்பவும் வந்தாள்.
முறைப்பாட்டுக்குக் கொப்பி முழுவதும் வேணும்.
அன்றைக்குத்தான் நான் வாசித்தேன்.
இரண்டாம் பக்கம். அடுத்தது ஐந்து.
நடுத்தையலில் ஒரு நூல் அகலத்துக்குத் தாள்.
பக்கத்தில் பின் கழற்றிய இரண்டு துளை,
பாம்பு கொத்தினமாதிரி.

கவனிக்காமல் போட்ட ஊசி ஒரு பிழை.
நாற்பது கட்டிலுக்கு ஒரு மிஸ்ஸி, விடியப்புறம் மூன்று மணி,
அதையாவது மனம் விளங்கிக்கொள்ளப் பார்க்கும்.
தாளைக் கிழித்த கைக்கு நித்திரைத் தூக்கமில்லை.
அது நிதானமாய், தையல் பிரியாமல்
கிழித்திருக்கிறது.

கழிவுத் தாள் கட்டை அன்று காலைதான் வெளியே வைத்திருந்தேன்.
இந்தப் பட்டினத்து மான்களுக்குப் புல் கிடைப்பது அருமை,
கடற்கரையிலிருந்து வந்து கடுதாசி தின்னும்.
ஓடினேன். ஒரு கொம்பன் நின்று
யாருடையதோ காணி உறுதியை மென்றுகொண்டிருந்தது.
அதன் குளம்புக்குக் கீழிருந்து இழுத்தெடுத்தேன்,
ஒரு மூலை போய்விட்ட மூன்றாம் பக்கத்தை.
சிவப்பு மையில் எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்த வரி
என் மெஷினில் சாம்பலாய் விழுந்திருந்தது.
பின்பக்கம் என் எழுத்து:
டோனர் நாலாயிரத்து ஐநூறு, பிளேன்டீ இரண்டு,
குலநாயகம் மாஸ்டர் தரவேண்டியது அறுபது.

விசாரணையில் மூன்று பேர்.
மின்விசிறிக்குப் பறக்காமல் என் தாளின்மேல் தண்ணீர்க் கிளாஸ்.
ஒரிஜினல் எங்கே, என்றார்கள். என்னிடம்.
உறுதிப்படுத்தி ஒப்பமிட்டது யார்?
காப்புறுதிக்காரர் கேட்காத பக்கத்தை ஏன் எடுத்தனீங்கள்?
"பிழையாய் எடுத்துப்போட்டன் ஐயா. என்ர பிழை."
தட்டச்சுப் பிள்ளை அதை அடித்தாள்.
அன்று முழுக்க அந்த அறையில்
அந்தச் சொல்லை அவள் அடித்தது எனக்காக மட்டும்தான்.

முடிவு இன்னும் வரவில்லை.
சுகிர்தமலர் வெள்ளிக்கிழமைகளில் வந்து கேட்பாள்.
எனக்கென்ன தெரியும்.

போன கிழமை ஒரு மிஸ்ஸி வந்தாள், சீருடை இல்லாமல்.
இடமாற்றக் கடிதம், ஒரு பிரதி.
விரல் நடுங்கித் தாள் கண்ணாடியில் சரிந்தது.
எந்த வாட்டு என்று நான் கேட்கவில்லை.
நேராய் வைத்து, பக்கத்தை இருதரம் பார்த்து எடுத்தேன்.
மிச்சக் காசும் வாங்காமல் போனாள்.
மூடியைத் திறந்தால் தாள் அங்கேயே கிடக்கிறது,
எல்லோரும் மறந்துபோவதைப்போல.
வீதிக்கு ஓடிவந்து கத்தினேன்:
"மிஸ்ஸி, ஒரிஜினல்!"

வாசலில் நின்ற மான்தான்
திரும்பிப் பார்த்தது.