சொடுக்கு

உள்ளங்கையில் நீலப் பேனாவால்
மூன்று சொற்கள் எழுதிக்கொண்டு போனேன்.
படியேறும்போதே வியர்வையில் ஒன்று அழிந்தது.

சுங்கை கெடோங்கில் அன்று விடியலிலிருந்தே புழுக்கம்.
பட்டறையில் மூன்று கவச வண்டிகள்
வயிறு திறந்து கிடந்தன.
எண்ணெய்க் கையைத் துடைத்து,
சட்டைக் கையை நாலு விரல் அகலம் மடித்து,
அதையும் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டுக்
கதவைத் தட்டினேன்.

மேஜர் ஆல்வின் குவெக் நிமிரவில்லை.
விரலைச் சொடுக்கினார்.
உள்ளே வா என்பதற்கு ஒரு சொடுக்கு.
காப்பி ஆறிவிட்டது என்பதற்கும் ஒன்றுதான், கொஞ்சம் நீளம்.
போய்த் தொலை என்றால் இரண்டு.
பதினோரு மாதத்தில் நாங்கள் கற்ற புதுமொழி.
இலக்கணம் எளிது,
பெயர்ச்சொல்லே கிடையாது.

"சார், நேற்றைய விஷயம்."

நேற்று
அணிவகுப்புத் திடலில் அறுபத்து மூன்று பேர் முன்னால்
ஓட்டுநர்ப் பையனின் பதிவேட்டை வீசினார்.
மழைநீர் தேங்கிய பள்ளத்தில் விழுந்தது.
"உன்னைப் பெற்றவளுக்கு என் அனுதாபம்" என்றார்.
சிலர் சிரித்தார்கள்.
சிலர் என்று எழுதுவது வசதி.
நானும் சிரித்தேன், பல் தெரியாமல்.
பையன் குனிந்து எடுத்துப்
பக்கம் பக்கமாய்ச் சட்டையில் ஒற்றினான்.
'செனாங் டிரி' என்று கட்டளை வந்தது.
இலகுவாக நில் என்று பொருள்.
ஒரு முதுகும் இலகவில்லை.

மனப்பாடம் செய்த வாக்கியம் வரவில்லை.
வந்தது இதுதான்:
"பிழையைச் சொல்லுங்க சார். தண்டனை கொடுங்க.
வார இறுதியைப் பிடுங்கிக்குங்க.
அவன் அம்மாவை எதுக்குத் திடலுக்கு இழுக்கிறீங்க?"

கோப்பை மூடினார்.
"ஸ்டாஃப், இது பாலர் பள்ளி இல்லை."

"தெரியும் சார். பாலர் பள்ளியில
பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க."

சொன்ன பிறகுதான் கால் நடுங்கியது.
வீட்டுக் கடன், இரண்டாவது பிள்ளை,
மார்ச்சில் வரவேண்டிய பதவி உயர்வு
எல்லாம் ஒரே நேரத்தில் முழங்காலுக்கு வந்து சேர்ந்தன.
சல்யூட் அடித்துத் திரும்பினேன்.

அப்போது பார்த்து ஒலிபெருக்கி:
மின்னல் எச்சரிக்கை, முதல் நிலை.
கூரையை விட்டு யாரும் வெளியேறக் கூடாது.

அவர் அலுவலகம் தனிக் கட்டடம்.
பட்டறைக்கும் அதற்கும் இடையே
நாற்பது மீட்டர் திறந்த வானம்.
வீரமாய் வெளியேற ஒரு கதவு இருந்தது,
விதிமுறை வந்து சாத்திவிட்டது.

இருவரும் ஜன்னலைப் பார்த்தோம்.
கொடிக்கம்பம் மழைக்குள் காணாமல் போனது.
குளிர்சாதனக் காற்று என் ஈர முதுகைத் தேடித்தேடி வந்தது.
பத்து நிமிடம். பதினைந்து.
உள்ளங்கையைத் திறந்து பார்த்தேன்:
'சார்' மட்டும் மிச்சம்.

மேசைமேல் அவர் விரல்கள்
ஒருமுறை கூடின, பிரிந்தன. சத்தம் வரவில்லை.
"உட்கார்" என்றார்,
நாற்காலியிடம் சொல்வதுபோல்.
வெகுநேரம் கழித்து,
"அந்தப் பையன் பேர் என்ன?"

"ஹஸ்ரி, சார். மூணு மாசமா
உங்க வண்டியைத்தான் ஓட்டுறான்."

அதற்குமேல் அவர் பேசவில்லை.
மன்னிப்பு என்ற சொல் அந்த அறைக்குள் வந்ததாக
நான் எங்கும் பொய் சொல்லமாட்டேன்.

மறுநாள் ஒட்டிய பணிப் பட்டியலில்
தொடர்ந்து மூன்று சனிக்கிழமைகள் எனக்கு.
இளம்பரிதி த/பெ மருதப்பன்.
முழுப்பெயர். எழுத்துப்பிழை இல்லை.

ஹஸ்ரியைக் கேட்டேன்.
காலையில் வண்டியில் ஏறும்போது
மேஜர் ஏதோ சொன்னாராம்.
தன் பெயரா, வழியா, வசையா
என்று பிடிபடவில்லையாம்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம்.

பிற்பகல், சேமிப்பறை வாசலில் நின்று
பத்தொன்பதாம் எண் ஸ்பேனர் கேட்கக் கையைத் தூக்கினேன்.
பெருவிரலும் நடுவிரலும்
தாமாகவே ஒட்டிக்கொண்டிருந்தன.
உள்ளே பெட்டிகளுக்கு நடுவே குனிந்திருந்த புதுப்பையனின்
நெஞ்சில் தைத்த பெயர்ப்பட்டை
இங்கிருந்து தெரியவில்லை.
கிட்டே போனேன்.